மலை வீட்டை உள்ளே எப்படி மாற்றுவது? நீலகிரியில் வீடு புதுப்பிப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வீடு புதுப்பிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் செல்போனில் நாலு படம் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். படத்தில் இருப்பது சென்னை வீடாகவோ கொச்சி வீடாகவோ இருக்கும். மலையில் முதலில் வீடு காய வேண்டும், அடுத்து கதகதப்பாக வேண்டும். பாணியெல்லாம் அதற்கப்புறம்தான். கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

வீடு வாங்கியாச்சு. எந்தப் பாணி என்று முடிவு செய்வதுதானே முதல் வேலை?

இல்லை. முடிந்தால் ஒரு மழைக்காலம் அந்த வீட்டில் இருந்து பாருங்கள். வெளியூர்க்காரர்கள் பலர் சீசனுக்கு வந்து, ஏப்ரல், மே மாத வெயிலில் வீடு பார்த்து வாங்குகிறார்கள். அப்போது எல்லாச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். அதே வீடு ஜூலையிலோ நவம்பரிலோ வேறு முகம் காட்டும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி என்று மேற்குப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் பள்ளமான இடங்களில் உறைபனி விழும்.

அந்த மாதங்களில் மூன்று விஷயங்களைக் குறித்து வையுங்கள். எந்தச் சுவர் நனைகிறது, எந்த ஜன்னலில் எத்தனை மணிக்கு வெயில் விழுகிறது, எந்த அறையில் துணி காயவே மாட்டேன் என்கிறது. இந்த மூன்றும் கையில் இருந்தால், படுக்கையறை எது, சமையலறை எது, அலமாரி எந்தச் சுவரில் என்பதெல்லாம் பாதி தானாகவே முடிவாகிவிடும்.

ஒவ்வொரு வருடமும் பெயின்ட் அடிக்கிறோம். பூஞ்சை திரும்ப வந்துவிடுகிறது. என்ன பெயின்ட் அடித்தால் நிற்கும்?

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்த பெயின்ட் அடித்தாலும் நிற்காது. ஈரம் மூன்று வழியில் வரும். மழைநீர் கூரையிலிருந்தோ வெடிப்பிலிருந்தோ இறங்கலாம். மண்ணிலிருந்து சுவர் வழியே ஓதம் ஏறலாம். மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை: வீட்டுக்குள் நாம் விடுகிற மூச்சு, சமைக்கிற ஆவி, வெந்நீர்க் குளியல், உள்ளே காயப் போடுகிற துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் பட்டு வேர்க்கும்.

எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு அடி சதுரத்துக்கு அலுமினியத் தாளை எடுத்து, சுவரில் நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் அறைக் காற்றில் இருக்கிறது. பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள் இருந்து வருகிறது.

காற்றிலிருந்து வருகிறது என்றால் குளியலறையிலும் சமையலறையிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள், வெயில் அடிக்கிற நேரத்தில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து விடுங்கள், வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைப்பதை நிறுத்துங்கள். பழைய மர அலமாரி ஒன்றை நகர்த்திப் பாருங்கள். பின்பலகையில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை சாம்பல் நிறத்தில் வட்டம் வட்டமாகப் படர்ந்திருக்கும். உள்ளே அடியில் இருக்கும் பட்டுப்புடவையின் மடிப்பில் வெள்ளைப் புள்ளி, தோல் பெல்ட்டில் பச்சை. அலமாரியை உள்சுவருக்கு மாற்றினாலே பாதி போய்விடும். வேறு வழியில்லை, வெளிச்சுவரில்தான் வைக்க வேண்டும் என்றால் சுவருக்கும் பலகைக்கும் இடையே மூன்று விரல் இடைவெளி, அடியில் கால், பின்பலகையில் மேலும் கீழும் துளை.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால் வெளியே போய்ப் பாருங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீடுகளில் பின்சுவர் மண்ணை ஒட்டியே நிற்கும். அங்கே மண்ணை விலக்கி, வீட்டுக்கும் மண்ணுக்கும் இடையே வடிகால் எடுத்து, மண்ணைத் தாங்கத் தனியாகத் தடுப்புச் சுவர் கட்டி, அதில் நீர் வடியத் துளைகள் விட வேண்டும். உள்ளே எத்தனை கோட் வாட்டர் புரூஃப் பூசினாலும் இந்த வேலைக்கு ஈடாகாது. செலவைப் பார்த்துத் தயங்கத்தான் தோன்றும். ஆனாலும் உள் அலங்காரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை இதற்குத்தான் கொடுக்கச் சொல்வேன்.

தாத்தா காலத்து பங்களா. எதை வைத்துக்கொள்வது, எதை இடிப்பது?

முதலில் எதையும் இடிக்காதீர்கள். ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியில் கல் பங்களா கட்டத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே வீடு கட்டியவர்கள் இந்தக் குளிரோடும் மழையோடும் மல்லுக்கட்டிக் கற்றவை அந்த வீடுகளில் இருக்கின்றன. வெளியே, தரைமட்டத்துக்குச் சற்று மேலே, இரும்புச் சட்டம் போட்ட சின்னச் சின்னத் துவாரங்கள் தெரிகிறதா? உள்ளே மரத்தளத்துக்கு அடியில் காற்று ஓடுவதற்காக விட்டவை அவை. எலி வருகிறது, குளிர் வருகிறது என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடுகிறார்கள். சில வருடத்தில் அடியில் இருக்கும் உத்திரம் மக்கி, தரை தொய்ந்துவிடும். எலிக்குக் கம்பி வலை அடியுங்கள், துவாரத்தை அடைக்காதீர்கள். முற்றத்தில் புதிதாகக் கல் பதிக்கும்போது மட்டம் உயர்ந்து துவாரம் மூடிப் போகாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நாளில் பூச்சு உப்பி, பாளம் பாளமாக விழும். சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். தேடுவது கஷ்டம்தான், ஆனால் வீண் போகாது.

மர ஜன்னல்களை யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் ஜன்னல்களுக்கு மாற்றலாமா என்று கேட்கிறார்கள். சட்டம் மக்கியிருந்தால் மாற்றலாம். நல்ல தேக்காக இருந்தால் வேண்டாம். இடைவெளியை அடைக்க ரப்பர் பட்டி ஒட்டி, தடித்த திரை போட்டாலே குளிர் நன்றாகக் குறையும். புதிதாகப் போடுகிறவர்கள் இரட்டைக் கண்ணாடி போடுங்கள். ஒற்றைக் கண்ணாடியில் காலையில் வேர்த்து வழிவது சட்டத்தில்தான் இறங்கும்.

ஹட்டியில் எங்கள் பூர்வீக வீடு வரிசை வீடாக இருக்கிறது. மாடர்ன் ஆக்கலாமா?

தாராளமாக. ஹட்டி என்கிற படுகர் ஊர்களில் வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதால் இரண்டு பக்கச் சுவருக்குக் குளிர் கிடையாது. தனி வீடாகக் கட்டினால் இந்த வசதி போய்விடும். முன்னும் பின்னும் மட்டும் கவனித்தால் போதும்: முன்பக்கம் கண்ணாடி போட்ட வராந்தா, பின்பக்கம் காற்றோட்டமுள்ள சமையலறை, நடுவில் வெளிச்சத்துக்குக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. பால் வைக்கும் உள்ளறை பல குடும்பங்களில் வழிபாட்டுக்குரிய இடம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமல் அதை ஸ்டோர் ரூமாகவோ பாத்ரூமாகவோ மாற்றும் யோசனையே வேண்டாம்.

கணப்பு வைக்கலாமா?

பழைய வீட்டில் இருந்தால், சிம்னியைச் சுத்தம் செய்து, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து, பயன்படுத்தலாம். புதிதாகக் கட்டுவதானால் திறந்த கணப்பைவிடக் கதவுள்ள இரும்பு அடுப்பு மேல். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகையோடு மேலே போய்விடும், அதோடு அறையின் சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சட்டியில் அடுப்புக்கரி மூட்டி, கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்லை, நிறமும் இல்லை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வீட்டை விருந்தினருக்கு விடுகிறவர்கள் கரிச்சட்டியை வீட்டிலேயே வைக்க வேண்டாம். ஆயில் ஹீட்டர் கொடுங்கள். 2000 வாட் ஹீட்டர் விடாமல் ஓடினால் மணிக்கு 2 யூனிட் ஆகும், அதை வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தரைக்கு என்ன போடுவது?

விட்ரிஃபைட் டைல்ஸ் துடைக்க வசதி. ஆனால் ஜனவரி காலையில் வெறுங்காலோடு அதன்மேல் நிற்க முடியாது. சமையலறை, குளியலறைக்கு அது போதும், சொரசொரப்பான ரகமாகப் பார்த்து வாங்குங்கள். படுக்கையறைக்கு மரம்தான் என் முதல் தேர்வு. கெட்டி மரம் கட்டுப்படியாகாது என்றால், பல அடுக்கு ஒட்டிய எஞ்சினியர்டு மரத் தளம். விலை குறைந்த லேமினேட் பலகை ஈரம் குடித்து விளிம்பில் உப்பிவிடும். கல்லும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்பிசி பலகைக்குத் தண்ணீர் பிரச்சினை இல்லை, காலுக்கு டைல்ஸைவிட இதமாகவும் இருக்கும். சுவருக்குச் சுவர் கார்பெட் மட்டும் வேண்டாம், மழைக்காலத்தில் நாற்றம் போகாது. வெயிலில் உதறிப் போடுகிற மாதிரி சின்ன விரிப்புகள் போதும்.

செட்டிநாடு பாணியில் முற்றம் வைத்த வீடு எனக்கு ரொம்ப ஆசை. இங்கே செய்யலாமா?

ஆசை புரிகிறது. ஆனால் காரைக்குடி முற்றம் வெயிலுக்காகப் பிறந்தது. சூடான காற்று மேலே போகவும், எப்போதாவது பெய்கிற மழையைச் சேர்க்கவும் வைத்தது. குன்னூரில் அதைத் திறந்தபடி வைத்தால் மூடுபனி நேராகக் கூடத்துக்குள் வந்து உட்காரும். முற்றத்தின் வெளிச்சம்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால் மேலே சரிவாகக் கண்ணாடிக் கூரை போட்டு, பக்கவாட்டில் திறந்து மூடும் காற்றுத் துவாரம் வையுங்கள். பகலில் அந்த இடம் சூடு பிடிக்கும், சுற்றியுள்ள அறைகளுக்கும் அது போகும். ஆத்தங்குடிக் கல் பூஜையறையிலும் வராந்தாவிலும் அழகாக இருக்கும். வீடு முழுக்க என்றால் கால் விறைக்கும். கறுத்து மின்னும் மரத்தூண், வேலைப்பாடுள்ள கதவு, பித்தளைக் குமிழ் இவையெல்லாம் மலைக்கு நன்றாகவே ஒத்துப்போகும், ஏனென்றால் மங்கிய வெளிச்சத்தில் மரமும் பித்தளையும்தான் அறைக்கு உயிர் கொடுக்கும்.

கேரள பாணிச் சரிந்த ஓட்டுக் கூரைக்கு யோசிக்கவே வேண்டாம், அது இந்த மழைக்கு ஏற்றது. ஸ்காண்டிநேவியப் பாணி என்று கேட்கிற இளையவர்களுக்கு: அது குளிர்நாட்டுப் பாணி, வெளிர் மரமும் கம்பளியும் இங்கே பொருந்தும். ஆனால் எல்லாச் சுவரும் தூய வெள்ளை என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். மேகமூட்டமான நாளில் வெளியிலிருந்து வரும் வெளிச்சமே நீலச் சாம்பலாக இருக்கும். அதில் தூய வெள்ளை நோயாளி அறை மாதிரி தெரியும். மஞ்சள் கலந்த வெள்ளை, சந்தன நிறம், செம்மண் நிறம் எடுங்கள். பல்பு 2700 முதல் 3000 கெல்வின் வரை உள்ள மஞ்சள் ஒளியாக இருக்கட்டும். கூரை நடுவில் ஒரு பெரிய விளக்குக்குப் பதில் உட்காருகிற இடங்களில் நாலு சின்ன விளக்கு.

ஷீட் கூரை. மழை சத்தம் தாங்கவில்லை, காலையில் சொட்டுகிறது. ஓட்டையும் இல்லை.

ஓட்டை இல்லாமல் சொட்டுவது ஷீட்டின் அடிப்பக்கம் வேர்ப்பதால். இரவில் தகரம் சில்லிட்டுப் போகும், வீட்டுக் காற்று அதில் பட்டு நீராகும். ஷீட்டுக்கு அடியில் காற்று ஓட இடம் விட்டு, அதற்குக் கீழே ராக்வூல் போன்ற வெப்பக் காப்பு, அதற்கும் கீழே ஈரம் ஏறாமல் ஒரு தாள், கடைசியாகப் பைன் பலகை சீலிங். சத்தமும் குறையும், சூடும் நிற்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அறுக்கவோ துளை போடவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு விஷம். நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்கச் சொல்லுங்கள்.

மாடுலர் கிச்சன்?

போடலாம், ஆனால் பெட்டிகள் எந்தப் பலகையில் என்பதுதான் விஷயம். மரத்தூளை ஒட்டிச் செய்த பார்ட்டிகிள் போர்டும் சாதா எம்டிஎஃப்பும் இரண்டு மழைக்காலம் தாங்குவதே பெரிது. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள், வெட்டிய ஓரங்களை விடாமல் ஒட்டச் சொல்லுங்கள், கீழ்ப்பெட்டிகளைக் காலில் நிறுத்துங்கள். அரிசி, பருப்பு, உப்பு எல்லாம் காற்றுப் புகாத டப்பாவில். சுவரில் பலகைத் தட்டு மட்டும் வைத்த திறந்த அலமாரியே இங்கே நல்லது என்பது என் அனுபவம். காற்றுப் படும், பூஞ்சை பிடிக்காது.

பின்கதவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் கரடி எண்ணெய் வாசத்துக்குச் சமையலறைக் கதவை உடைத்து வருவது புதிதல்ல. மெல்லிய ஃபிளஷ் கதவு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கெட்டி மரக் கதவு, உள்ளே குறுக்குத் தாழ், ஜன்னலில் குரங்கின் கை நுழையாத வலை. குப்பைத் தொட்டியை இரவில் வெளியே வைக்காதீர்கள்.

எஸ்டேட் லைன் வீட்டுக்கும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) உள் அலங்காரம் உண்டா?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். ஏன் தயங்க வேண்டும்? 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்கள் இங்கே லைன் வீடுகளில்தான் பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கின. இரண்டே அறை என்றாலும் அழகாக வாழ உரிமை உண்டு. சிறிய வீட்டைச் சூடாக வைப்பதும் சுலபம்.

முதல் செலவு புகைக்கு. விறகடுப்பு இருந்தால் புகைபோக்கி உள்ள அடுப்பாக மாற்றுங்கள். சுவரில் கரி குறையும், கண் எரியாது. அடுத்தது உயரம். கதவுக்கு மேலே அறை முழுக்கச் சுற்றி ஒரு அடி அகலத்தில் பரண் தட்டு அடித்தால் தரையில் கிடக்கும் பெட்டியெல்லாம் மேலே போய்விடும், அது உலர்ந்த இடமும்கூட. கட்டிலுக்கு அடியில் சக்கரம் வைத்த இழுப்பறை. முன்கதவுக்கு உள்ளே ஒரு தடித்த திரை, அதுவே குளிரைத் தடுக்கும். படிக்கிற பிள்ளைக்கு ஜன்னலோரம் மடக்குப் பலகை. வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தமானால் சுவரைத் தொடாமல், கழற்றி எடுத்துப் போகிற மாதிரி எல்லாவற்றையும் திருகாணியில் செய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பதில்.

உள்ளூர்ப் பொருட்களில் என்ன வாங்கலாம்?

தோடர் பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, துணியின் இழைகளைக் கண்ணாலேயே எண்ணி எண்ணித் தோடர் பழங்குடிப் பெண்கள் தைப்பார்கள். தாளில் வரைந்த மாதிரி எதுவும் முன்னால் இருக்காது. 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு துண்டை விரலால் தடவிப் பாருங்கள், தையல் எழும்பி நிற்கும். திண்டு உறையாகவோ சட்டமிட்டுச் சுவரிலோ ஒரே ஒரு துண்டு போதும், அறையே அதைச் சுற்றி அமையும். அச்சடித்த போலியை வாங்காதீர்கள், அந்தப் பெண்களின் உழைப்பைத் திருடியது போலாகும்.

அடுத்து உண்ணிச்செடி நாற்காலிகள். காட்டை ஆக்கிரமித்த அந்நியச் செடியை வெட்டி, வேகவைத்துத் தோல் உரித்து, வளைத்துச் செய்பவை. கூடலூர்ப் பக்கம் பழங்குடிக் கலைஞர்கள் அதே குச்சியில் நிஜ அளவு யானைகளைச் செய்து வெளிநாடுகளுக்கும் பார்வைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிரம்பு மாதிரியே கனம் குறைவு, வராந்தாவுக்குப் பொருத்தம்.

தோட்டத்தில் நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டி நாமே கட்டில் செய்துகொள்ளலாமா என்றால், நினைத்தபடி வெட்ட முடியாது. மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955 முதல் இருக்கிறது. அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். பழைய வீடு இடிக்கிற இடத்தில் கிடைக்கும் உத்திரத்தை வாங்குங்கள். பல வருடம் இந்தக் குளிரிலேயே பழகிய மரம், வளையாது.

அனுமதி எதற்கெல்லாம் வாங்க வேண்டும்?

பெயின்ட், தரை, சீலிங், சமையலறை இவற்றுக்குப் பொதுவாக வேண்டாம். சுவரை இடித்து அறை கூட்டுவது, கூரையை உயர்த்துவது, மண் வெட்டுவது என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்காமல் கை வைக்காதீர்கள். 1993 முதல் மலை நகரங்களுக்குத் தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன, உயரம் 7 மீட்டருக்குள் அடங்க வேண்டும். பொக்லைன் கொண்டுவரவும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இதெல்லாம் தொல்லை என்று சொல்கிறவர்களுக்கு 2009 நவம்பரை நினைவூட்டுவேன். அந்த மழையில் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சரிவை வெட்டினால் மேலே இருப்பவர் வீடும் கீழே இருப்பவர் வீடும் நம் கையில் இருக்கிறது.

வேலையை எந்த மாதம் ஆரம்பிப்பது?

ஜனவரி கடைசி. பிப்ரவரி, மார்ச்சில் பூச்சும் பெயின்ட்டும் நன்றாகக் காயும். சிமென்ட் வேலையை உறைபனி இரவுகளில் வைக்காதீர்கள், இறுக நேரமெடுக்கும், மூடி வைக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் மலைப்பாதையில் நெரிசல், ஒருவழிப் பாதை மாற்றங்கள் என்று மேட்டுப்பாளையத்திலிருந்து மணல் லாரி ஏறுவதே பெரும்பாடு, அதனால் சாமான்களை மார்ச்சுக்குள் ஏற்றிவிடுங்கள். பிளைவுட்டும் மரமும் வந்த அன்றே அறுக்க வேண்டாம். அந்த வீட்டுக்குள்ளேயே, கட்டை வைத்துத் தரையில் படாமல் அடுக்கி, இரண்டு வாரமாவது கிடக்கட்டும். மலைக் காற்றின் ஈரத்துக்குப் பழகிய பிறகு ஆசாரி கை வைத்தால் கதவு ஜூலையில் இறுகாது.